கவிதை மட்டுமா, படத்தோட கவிதையா, படப் புத்தகமா? சின்னப் பதிப்பகத்தோட புது லிஸ்ட்ல எதை எடுக்கலாம்

சின்ன இலக்கியப் பதிப்பகம் ஒண்ணு புது வெளியீடுனு லிஸ்ட் போட்டா அதுல பெரும்பாலும் அஞ்சு வகைதான் இருக்கும். வெறும் எழுத்து மட்டும் இருக்குற கவிதைத் தொகுப்பு, ஓவியர் ஒருத்தர் சேர்ந்து படம் போட்ட கவிதைப் புத்தகம், படம் பிரதானமா எழுத்து துணையா வர்ற படப் புத்தகம், கையால அச்சடிச்சு நம்பர் போட்ட சிறப்புப் பதிப்பு, அப்புறம் இதுல சிலதுக்கு மின்னூல். பாக்கும்போது எல்லாமே வேணும்னுதான் இருக்கும், ஆனா கையில இருக்குற காசுக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டுதான்னு வரும்போது எதை எடுக்குறது எதை அடுத்த தடவைக்கு விடுறதுன்னு நிறைய பேர் முழிக்கிறாங்க, கடைசில அட்டை நல்லா இருக்குறதை எடுத்துட்டு வந்துடுறாங்க. அட்டை நல்லா இருக்குறது ஒரு காரணம்தான், ஆனா கவிதைப் புத்தகத்துக்கு அது ரொம்பக் கடைசிக் காரணம்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். ஒரு கவிஞரை முதல் தடவையா படிக்கப் போறீங்கன்னா வெறும் எழுத்துத் தொகுப்புல ஆரம்பிங்க. படத்தோட வர்ற கவிதைப் புத்தகம் நல்லா அமைஞ்சா அதுக்கு ஈடா எதுவும் இல்ல, ஆனா நல்லா அமையுறது அபூர்வம், அதனால அதை மட்டும் உள்பக்கம் நாலைஞ்சு பாக்காம வாங்காதீங்க. படப் புத்தகத்துல படம் எப்படி வரைஞ்சிருக்குங்குறதுக்குச் சமமா எப்படி அச்சடிச்சிருக்குங்குறதையும் பாக்கணும். ஏன் இப்படிச் சொல்றேன்னு ஒவ்வொண்ணா வர்றேன்.

பேச வசதியா இருக்கட்டும்னு ஒரு சின்னக் கவிதையை இங்கயே எழுதி வச்சுக்குறேன், கீழ சொல்ற எல்லாத்துக்கும் இதையே வச்சுப் பாக்கலாம்:

மழை நின்றுவிட்டது
எல்லோரும் போய்விட்டார்கள்
ஒருவர் மட்டும்
குடையை மடக்காமல்

நாலு வரி. இதுல கவிதை எங்க நடக்குதுன்னு பாருங்க. மூணாவது வரி "ஒருவர் மட்டும்"னு நிக்குது, அந்த வரிக்கு அப்புறம் கண்ணு கீழ இறங்குற அந்தக் கொஞ்ச நேரம்தான் அந்த ஆள் தனியா நிக்கிற நேரம். கடைசி வரில வினைமுற்றே இல்ல, நிக்கிறாரா உட்கார்ந்திருக்காரா எதுவும் சொல்லல, அதுக்குக் கீழ இருக்குற வெள்ளைத்தாள்தான் அந்த வினைச்சொல்லோட வேலையைச் செய்யுது. அப்போ இந்தக் கவிதையை அச்சடிக்கிறவர் ரெண்டு விஷயத்தைக் காப்பாத்தணும், வரி உடையுற இடம் ஒண்ணு, கீழ இருக்குற வெறும் இடம் இன்னொண்ணு. வெறும் எழுத்துத் தொகுப்பு வாங்கும்போது நான் பாக்குறது இந்த ரெண்டையும்தான்.

வரி உடையுறது தமிழ்ல கொஞ்சம் பெரிய பிரச்சினை. நம்ம வார்த்தைங்க நீளம், வேற்றுமை உருபு, துணைவினை, "உம்", "தான்" எல்லாம் ஒட்டிக்கிட்டு "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து"ன்னு ஒரே வார்த்தை பாதி வரியைப் பிடிச்சுக்கும். டெமி சைஸ்னு சொல்றோமே, சுமாரா அஞ்சரை இஞ்ச் அகலம் எட்டரை இஞ்ச் உயரம், அதுல ரெண்டு பக்கமும் மார்ஜின் போனா எழுத்துக்கு நாலு இஞ்ச் சொச்சம்தான் மிஞ்சும். கிரவுன் சைஸ்னா இன்னும் குறுகல். குட்டிக்குட்டி வரியா எழுதுற கவிஞருக்கு கிரவுன் கச்சிதம், கையில அடங்கும், பக்கமும் வெறிச்சுன்னு இருக்காது. ஆனா நீள வரில எழுதுறவரைக் கொண்டுபோய் கிரவுன்ல போட்டா ஒவ்வொரு வரியும் ரெண்டா உடையும், கவிஞர் உடைச்ச இடம் எது, பக்கம் பத்தாம உடைஞ்ச இடம் எதுன்னே தெரியாமப் போயிடும். இதுக்குப் பழைய தீர்வு ஒண்ணு இருக்கு, உடைஞ்ச மிச்சத்தைக் கொஞ்சம் உள்ள தள்ளி அச்சடிக்கிறது. 1956ல அமெரிக்காவுல சிட்டி லைட்ஸ் பதிப்பகம் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கோட முதல் தொகுப்பைப் போட்டப்போ அது சட்டைப்பை சைஸ் வரிசைல நாலாவது புத்தகம், அவர் வரிங்களோ மூச்சு முட்டுற அளவு நீளம், அந்தக் குட்டிப் பக்கத்துல அதை உள்தள்ளிதான் போட்டாங்க, படிக்கிறவங்களுக்கு எது ஒரே வரின்னு குழப்பமே வராது. அதனால புத்தகத்தைத் திறந்ததும் நீள வரி இருக்குற ஒரு பக்கத்தைத் தேடுங்க, உடைஞ்ச மிச்சம் உள்ள தள்ளியிருக்கா, இல்ல புது வரி மாதிரி இடது ஓரத்துலயே ஆரம்பிக்குதா பாருங்க. இது ஒண்ணே போதும், அந்தப் பதிப்பகம் கவிதையைப் படிச்சுட்டு அச்சடிச்சுதா படிக்காம அச்சடிச்சுதான்னு தெரிஞ்சுடும்.

அடுத்து பக்கம் எங்க முடியுதுன்னு பாக்கணும். மேல எழுதின நாலு வரில மூணு வரி வலதுபக்கக் கடைசில முடிஞ்சு "குடையை மடக்காமல்" மட்டும் தாளைத் திருப்பினா வருதுன்னு வச்சுக்கோங்க, கவிஞர் அப்படி வேணும்னு கேட்டிருந்தா அது அற்புதம், தாள் திருப்புற நேரமும் கவிதைல சேந்துடும். ஆனா முந்தின கவிதை நீளமாப் போனதால தானா அப்படி விழுந்ததுன்னா அது நாசம். ஒவ்வொரு கவிதையும் புதுப் பக்கத்துல ஆரம்பிக்கிற தொகுப்பும், இடம் மிச்சம் பிடிக்க ஒரே பக்கத்துல ரெண்டு மூணு கவிதையை அடுக்குற தொகுப்பும் ஒரே கவிதைங்களா இருந்தாலும் ரெண்டு வேற புத்தகம். பேப்பர் செலவு தெரியாம பேசல, சின்னப் பதிப்பகத்துக்கு ஒவ்வொரு ஃபாரமும் காசு, பதினாறு பக்கம் ஒரு ஃபாரம்னு கணக்கு, 80 பக்கம்னா அஞ்சு ஃபாரம், 81ஆவது பக்கத்துல ஒரு கவிதை மிஞ்சினா அடுத்த ஃபாரத்துக்குப் போகணும். அந்தக் கணக்குக்காகக் கவிதையை நெருக்குறதை விட ரெண்டு கவிதையைக் குறைச்சுடலாம், நல்ல எடிட்டர் இருக்குற இடத்துல அதைத்தான் செய்வாங்க.

சின்னப் பதிப்பகம்னா இந்த விஷயத்துல வசதி குறைவுன்னு நினைச்சுடாதீங்க, உண்மைல தலைகீழ். கவிஞரும் பக்கம் வடிவமைக்கிறவரும் ஒரே மேசைல உட்கார்ந்து பேச முடியுற இடம் அதுதான். இங்கிலாந்து எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபும் கணவர் லியோனார்ட் வுல்ஃபும் 1917ல வீட்டுல ஒரு கை அச்சு இயந்திரத்தை வாங்கி வச்சு ஹோகார்த் பிரஸ் ஆரம்பிச்சாங்க. அவங்க போட்ட, கவிஞர் ஹோப் மிர்லீஸோட நெடுங்கவிதைல வரிங்க பக்கம் முழுக்கச் சிதறி ஓடும், ஒரு இடத்துல எழுத்துங்க ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா செங்குத்தா இறங்கும், அதையெல்லாம் ஒவ்வொரு ஈய எழுத்தா கையால கோத்தாங்க. கவிஞர் டி.எஸ். எலியட்டோட நெடுங்கவிதையையும் 1923ல வர்ஜீனியாவே அச்சுக் கோத்துப் போட்டார், சுமார் 460 பிரதி. பெரிய கம்பெனி ஒண்ணு இந்த மாதிரி வேலைக்கு நேரம் ஒதுக்கியிருக்குமாங்குறது சந்தேகம்தான்.

எழுத்துத் தொகுப்புலயே இன்னொரு சின்ன வகை இருக்கு, இருபது முப்பது பக்கத்துல நடுவுல பின் அடிச்சு வர்ற குறுநூல். யுனெஸ்கோ 1964ல ஒரு வரையறை வச்சது, அட்டை நீங்கலா 49 பக்கமாவது இருந்தாதான் புத்தகம், அதுக்குக் கீழ துண்டுப்பிரசுரம்னு. கணக்கெடுக்கத்தான் அந்த வரையறை, படிக்கிறவங்க அதைப் பாத்து இதெல்லாம் புத்தகமே இல்லன்னு ஒதுக்க வேண்டாம். புதுக் கவிஞர்னா நூறு பக்கத் தொகுப்பை விட இந்தக் குறுநூலைத்தான் நான் முதல்ல எடுப்பேன், ஏன்னா அதுல நிரப்புறதுக்குன்னு எதுவும் வராது, பதினஞ்சு கவிதைதான் இடம்னா அவரோட நல்ல பதினஞ்சு வரும், பின் அடிச்ச புத்தகம் விரிச்சா மேசைல தட்டையாவும் கிடக்கும். ஒரே குறை, அலமாரில வச்சா முதுகுல பேர் இருக்காது, நாலு தடிப் புத்தகத்துக்கு நடுவுல காணாமப் போயிடும்.

பேப்பரைப் பத்தி ரெண்டு வார்த்தை. கவிதைப் பக்கத்துல வெள்ளை இடம் நிறைய, அதனால தாள் மெலிசா இருந்தா பின்பக்க எழுத்து முன்னாடி தெரியும், உரைநடைல அது அவ்வளவா உறுத்தாது, கவிதைல "குடையை மடக்காமல்"ங்குறதுக்குக் கீழ வெறுமையா இருக்கணும், அங்க பின்பக்கக் கவிதை நிழலாத் தெரிஞ்சா போச்சு. ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்ங்குற கணக்கு, சாதாரணமா புத்தகத்துக்குப் போடுற மேப்லித்தோ தாள்ல 70 ஜிஎஸ்எம்மை விட 80 கொஞ்சம் தேவலாம், பளிச்சு வெள்ளையை விட லேசா மஞ்சள் கலந்த நேச்சுரல் ஷேட் கண்ணுக்கு இதம்.

இப்போ படத்தோட கவிதை. இங்கதான் ரொம்ப நேரம் நிக்கணும்.

அதே நாலு வரியை ஓவியர் ஒருத்தர்கிட்ட கொடுக்குறோம். அவர் ஒரு ஆள் விரிச்ச குடையோட தனியா நிக்கிறதை அழகா வரைஞ்சு கொடுக்குறார், தெரு வெறிச்சோடிக் கிடக்கு, வானம் தெளிஞ்சிருக்கு. கோடு சுத்தம், வண்ணம் நல்லா இருக்கு, ஆனா கவிதை செத்துப் போச்சு. ஏன்னா கவிதை அந்த ஆள் யாரு, ஆணா பெண்ணா, நிக்கிறாரா உட்கார்ந்திருக்காரா எதையும் சொல்லாம விட்டிருந்தது, படிக்கிற ஒவ்வொருத்தரும் அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரை அங்க நிறுத்தியிருப்பாங்க, ஓவியர் அந்த இடத்துல தன்னோட ஆளைக் கொண்டுவந்து நிறுத்திட்டார். இன்னொரு ஓவியர் ஆளையே வரையல. பக்கம் முழுக்க நனைஞ்ச தரை, அதுல ஓரமா காய்ஞ்ச ஒரு வட்டம், அவ்வளவுதான். குடைக்குக் கீழ இருந்த இடம். ஆள் அப்போதான் போயிருக்கார், இல்ல ரொம்ப நேரம் நின்னிருக்கார்னு படம் ஒண்ணைச் சேர்க்குது, கவிதை சொன்னதைத் திருப்பிச் சொல்லல. இந்த ரெண்டாவது வகைப் படம் இருக்குற புத்தகம்தான் காசு கொடுக்கத் தகுந்தது. முதல் வகை கவிதையோட அர்த்தத்தைப் பூட்டி வச்சுடும், அந்தப் படத்தை ஒருதடவை பாத்துட்டா அப்புறம் அந்தக் கவிதையை வேற மாதிரி கற்பனை பண்ணவே முடியாது.

அதனாலதான் உள்பக்கம் பாக்காம வாங்காதீங்கன்னு சொன்னேன். நாலு கவிதையைப் படிங்க, பக்கத்துப் படத்தைப் பாருங்க, கவிதைல இருக்குற பொருளெல்லாம் படத்துல வரிசையா வந்து நிக்குதா பாருங்க, நிலான்னு எழுதினா நிலா, ஜன்னல்னு எழுதினா ஜன்னல், அப்படி இருந்தா கீழ வச்சுடுங்க. அதே கவிஞரோட படமில்லாத தொகுப்பு இருந்தா அதை எடுங்க.

படம் எந்தப் பக்கத்துல வருதுங்குறதும் முக்கியம். இடதுபக்கம் படம், வலதுபக்கம் கவிதைன்னா நாம முதல்ல படத்தைத்தான் பாப்போம், கவிதையைப் படிக்கும்போது ஏற்கெனவே ஒரு காட்சி மனசுல உட்கார்ந்திருக்கும். கவிதை முதல்ல வந்து, தாளைத் திருப்பினா அடுத்த ரெண்டு எதிரெதிர்ப் பக்கம் முழுக்கப் படம்னு வச்சிருக்குற புத்தகத்துல கவிதைக்கு மரியாதை இருக்கு. இன்னும் மோசமானது படத்து மேலயே கவிதையை அச்சடிக்கிறது, கரும்பச்சை இலைக் கூட்டத்து மேல வெள்ளை எழுத்து, பாக்க போஸ்டர் மாதிரி ஜோரா இருக்கும், மூணாவது வரிலயே கண்ணு வலிக்கும். விதிவிலக்கும் இருக்கு, எழுத்தும் படமும் ஒரே கையில ஒரே தகட்டுல பிறந்தா அது வேற கதை. இங்கிலீஷ் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் 1789ல போட்ட கவிதைப் புத்தகத்துல செப்புத் தகட்டுல எழுத்தைக் கண்ணாடில தெரியுற மாதிரி இடம்வலம் மாத்தி எழுதி, சுத்தி கொடியும் மனுஷங்களும் வரைஞ்சு, அமிலத்துல அரிச்சு எடுத்து, அச்சடிச்ச அப்புறம் அவரும் மனைவி கேத்தரினும் கையால வண்ணம் தீட்டினாங்க, அதனால ஒரு பிரதி மாதிரி இன்னொண்ணு இருக்காது. பக்கம் உள்ளங்கை அளவுதான், ஆனா அங்க படம் எது எழுத்து எதுன்னு பிரிச்சு எடுக்கவே முடியாது.

இந்த வகைல எனக்குத் தெரிஞ்சு ரொம்பச் சரியா அமைஞ்ச ஒண்ணு சென்னை தாரா புக்ஸ் போட்டது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் கவிதை ஒண்ணு, எழுதினவர் பேர் தெரியாது, தீ வால் வச்ச மயிலைப் பாத்தேன்னு ஆரம்பிக்கும். வரி வரியாப் படிச்சா எல்லாமே பைத்தியக்காரக் காட்சி. ஆனா நிறுத்துற இடத்தை வரி நடுவுக்கு மாத்திட்டா, மயிலைப் பாத்தேன், தீ வால் வச்ச எரிநட்சத்திரத்தைப் பாத்தேன்னு எல்லாமே ஒழுங்கான காட்சியா மாறிடும். மத்தியப் பிரதேசத்து கோண்ட் பழங்குடி ஓவியர் ராம்சிங் உர்வேதி கறுப்பு வெள்ளைல படம் வரைஞ்சார், வடிவமைப்பாளர் ஜோனத்தன் யமகாமி பக்கங்கள்ல டை கட்டிங் ஓட்டை போட்டார், ஒரு ஓட்டை வழியா பாத்தா அடுத்த பக்கத்து வார்த்தை இந்த வரியோட சேரும், தாளைத் திருப்பினா அதே வார்த்தை வேற வரியோட சேரும். கவிதைல ஒளிஞ்சிருந்த விளையாட்டை தாளே செஞ்சு காட்டுது. இதைப் படமில்லாம வெறும் எழுத்தாப் படிச்சா கவிதை புரியும், ஆனா இந்தப் புத்தகத்துல அது கைக்கே புரியும். படம் போட்ட கவிதைப் புத்தகம் வாங்குறதுன்னா இந்த அளவுல ஒரு காரணம் அதுக்கு இருக்கான்னு கேளுங்க, இவ்வளவு பெருசா இல்லன்னாலும் சின்னதா ஒண்ணாவது.

இன்னொரு சின்ன அடையாளம், ஓவியர் பேர் எங்க இருக்குன்னு பாருங்க. அட்டைல கவிஞர் பேருக்குச் சமமா இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து வேலை பாத்திருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டாவது பக்கத்துல பொடி எழுத்துல "ஓவியங்கள்: இன்னார்"னு மட்டும் இருந்தா பெரும்பாலும் கவிதையெல்லாம் முடிஞ்ச அப்புறம் பக்கத்தை நிரப்ப வரைஞ்சு வாங்கினதா இருக்கும். நூத்துக்கு நூறு சரின்னு சொல்லல, ஆனா எனக்கு இது அடிக்கடி உதவியிருக்கு.

படப் புத்தகத்துக்கு வரேன். படம் முன்னாடி நடக்குற புத்தகம்னா குழந்தைங்களுக்குன்னு நினைக்க வேண்டாம், பெரியவங்களுக்காகவே வர்றது நிறைய இருக்கு. இங்க எழுத்து கொஞ்சம், பக்கமும் கொஞ்சம், பெரும்பாலும் 32, அதுவும் அந்தப் பதினாறோட ரெண்டு மடங்குதான். முப்பத்திரண்டு பக்கத்துக்கு இவ்வளவான்னு தோணும், பக்கக் கணக்குல பாத்தா கவிதைத் தொகுப்புதான் லாபம். ஆனா எத்தனை தடவை எடுத்துப் பாப்பீங்கங்குற கணக்குல பாத்தா நல்ல படப் புத்தகம் தோக்காது.

இதுல அச்சுதான் பாதி விஷயம். வழக்கமா புத்தகம் அச்சடிக்கிற நாலு கலர் ஆஃப்செட் முறைல எல்லா நிறமும் குட்டிக்குட்டிப் புள்ளியா சேர்ந்துதான் வரும், லென்ஸ் வச்சா தெரியும். வாட்டர் கலர், போட்டோ மாதிரி நுணுக்கமா நிறம் மாறுற படத்துக்கு அதுதான் சரி. அழுத்தமான ஆரஞ்சு, மின்னுற பச்சை இதெல்லாம் அதுல மங்கிடும். ரிசோன்னு ஒரு ஜப்பான் மெஷின் இருக்கு, ஒவ்வொரு கலருக்கும் தனி டிரம், கலர் மேல கலர் ஏத்தி அடிக்கிறது, கலர் கொஞ்சம் விலகி விழும், தாள்ல மணல் தூவின மாதிரி ஒரு சொரசொரப்பு தெரியும், ரெண்டு மூணு நிறத்துலயே வரையுற ஓவியருக்கு அது அருமையா பொருந்தும். ஆனா அந்த மை எண்ணெய் கலந்தது, முழுசாக் காயாது, கறுப்பு நிறைய இருக்குற பக்கத்தைத் தடவினா விரல்ல ஒட்டும், அடிக்கடி கை மாறுற புத்தகத்துக்கு யோசிச்சுக்கோங்க. வலைத்துணி வழியா மையைத் தள்ளுற ஸ்கிரீன் பிரிண்ட்னா மை தாள் மேல ஒரு படலமா நிக்கும், விரலால தொட்டாலே தெரியும், கறுப்புத் தாள்ல வெளிர் நிறத்தை அடிக்கிறது அதுல முடியும், சாதா ஆஃப்செட்டுல கஷ்டம். தாரா 2006ல போட்ட மரங்கள் பத்தின கோண்ட் ஓவியப் புத்தகம் அப்படித்தான், கையால செஞ்ச கறுப்புத் தாள்ல ஒவ்வொரு நிறமா ஸ்கிரீன் போட்டது, 2008ல இத்தாலிக் குழந்தைப் புத்தகச் சந்தையோட போலோன்யா ரகாஸி விருது வாங்குச்சு. அந்த மரத்தை போன்ல பாக்குறதும் தாள்ல பாக்குறதும் ஒண்ணு இல்ல.

ஆன்லைன்ல வாங்குறவங்க பதிப்பகத்துக்கே ஒரு மெசேஜ் போட்டு என்ன பேப்பர், என்ன பிரிண்டிங், தையலா பெர்ஃபெக்ட் பைண்டிங்கானு மூணே கேள்வி கேளுங்க, சின்னப் பதிப்பகத்துல அதைச் செஞ்சவரே பதில் சொல்லுவார், பெரும்பாலும் சந்தோஷமா சொல்லுவார். பைண்டிங் ஏன் கேக்கணும்னா, ரெண்டு பக்கம் சேர்ந்து ஒரே படமா விரியும்போது கோந்து ஒட்டின பெர்ஃபெக்ட் பைண்டிங்ல நடு மடிப்புக்குள்ள படம் முழுங்கிப் போயிடும், முகம் நடுவுல விழுந்தா மூக்கே காணாமப் போகும், அழுத்தி விரிச்சா முதுகு உடைஞ்சு தாள் கழண்டு வரும். தையல் போட்டதுன்னா தட்டையா விரியும். வெறும் கவிதைத் தொகுப்புக்கு பெர்ஃபெக்ட் பைண்டிங் பரவாயில்ல, படப் புத்தகத்துக்கு நான் தையலைத்தான் கேப்பேன். பளபளக்குற ஆர்ட் பேப்பர்ல விளக்கு வெளிச்சம் அடிச்சு பாதிப் படம் தெரியாது, கோட்டோவியமா இருந்தா பளபளப்பு இல்லாத தடித்த தாள் எவ்வளவோ மேல்.

கையால அச்சடிச்ச சிறப்புப் பதிப்பைப் பத்தி ஒண்ணுதான். "27/150"னு, அதாவது 150 பிரதில 27ஆவதுன்னு நம்பர் இருக்குறதால மட்டும் அது கைவேலை ஆகிடாது, டிஜிட்டல்ல அடிச்சு நம்பர் போட்டு கையெழுத்து வாங்கினதும் அதே பேர்லதான் வரும். கடைசிப் பக்கக் குறிப்பைப் படிங்க, எந்த எழுத்துரு, எந்தத் தாள், எந்த முறைல, யாரு அச்சடிச்சாங்கன்னு எழுதியிருந்தா அது வேலை தெரிஞ்சவங்க செஞ்சது. மேடான எழுத்துல மை தடவி அழுத்துற லெட்டர்பிரஸ்னா எழுத்து தாள்ல லேசா அமுங்கியிருக்கும், பின்பக்கம் தடவினா தெரியும். ஏற்கெனவே நெஞ்சுக்குள்ள இருக்குற ஒரு கவிதைக்கு இந்த மாதிரிப் பதிப்பு வாங்குறது நியாயம். இன்னும் படிக்காத கவிஞரை இதுல ஆரம்பிக்காதீங்க, பத்திரப்படுத்துற கவலைல பென்சிலால ஒரு கோடு கூடப் போட மாட்டோம்.

மின்னூலுக்கு இங்க கடைசி இடம். எழுத்தைப் பெருசு பண்ணினா வரி தானா மடியுற வகைல "எல்லோரும் போய்விட்டார்கள்" ரெண்டா உடைஞ்சு நாலு வரி அஞ்சாயிடும், கவிஞர் உடைச்சதுக்கும் ஸ்கிரீன் உடைச்சதுக்கும் வித்தியாசமே தெரியாது. பக்கம் மாறாத பிடிஎஃப்னா வரி பிழைக்கும், ஆனா போன்ல விரலால இழுத்து இழுத்துதான் படிக்கணும். மின்னூல் படிக்கிற கறுப்பு வெள்ளை இ-இங்க் கருவிங்கள்ல பெரும்பாலும் 16 சாம்பல் நிறம்தான், கலர் படப் புத்தகத்துக்கு அது ஆகாது. கண்பார்வைக் காரணமா பெரிய எழுத்து வேணுங்குறவங்களுக்கும் புத்தகம் அனுப்பவே முடியாத தூரத்துல இருக்குறவங்களுக்கும் மின்னூல் பெரிய உதவி, அவங்க தாராளமா எடுக்கலாம், கவிதைத் தொகுப்பை மட்டும்.

சில பதிப்பகம் வர்ற வருஷத்துக்கான புத்தகமெல்லாம் சேர்த்து முன்பணம் வாங்குவாங்க. அவங்களோட முந்தின புத்தகம் ரெண்டு படிச்சு, தேர்வு நமக்கு ஒத்துப்போகுதுன்னு தெரிஞ்சா இது நல்ல வழி, பேப்பர் வாங்குற நேரத்துல கையில காசு இருக்குறது அவங்களுக்குப் பெரிய பலம், நாமளா தேடிப் போயிருக்க மாட்டாத ஒரு கவிஞரும் வீட்டுக்கு வந்து சேருவார். ஒண்ணுமே படிக்காம கட்ட வேண்டாம்.

கவிதையே படிக்காத ஒருத்தருக்குப் பரிசு கொடுக்கணும்னா மேல சொன்ன வரிசையை அப்படியே திருப்பிப் போட்டுக்கோங்க. அவங்ககிட்ட தொகுப்பைக் கொடுத்தா முதல் மூணு கவிதையோட மூடி வச்சுடுவாங்க. படப் புத்தகம்னா சும்மா புரட்டவாவது புரட்டுவாங்க, புரட்டுற கை ஒரு இடத்துல நிக்கும், அங்க நாலு வரி இருந்தா படிச்சுடுவாங்க.

தொகுப்புல ஆரம்பிங்கன்னு சொன்னதுக்கு ஒரு விலக்கும் சொல்லணும். ஒரு கவிஞர் நிலைச்சு நின்னா பின்னாடி அவரோட மொத்தக் கவிதைகள்னு தடிமனா ஒண்ணு வரும், இன்னைக்கு வாங்காம விட்ட தொகுப்பு முழுசும் அதுக்குள்ள இருக்கும். ஆனா படத்தோட வந்த புத்தகம் அந்த மொத்தத் தொகுப்புல சேரும்போது பெரும்பாலும் எழுத்து மட்டும்தான் போகும், படத்தை எடுத்துடுவாங்க, பக்க அளவு மாறிடும், தாளைத் திருப்புற இடமும் மாறிடும். காய்ஞ்ச வட்டம் வரைஞ்ச அந்த ஓவியரோட பக்கம் இந்தப் பதிப்புல மட்டும்தான் இருக்கும், இதுவும் சில நூறு பிரதியோட நின்னுபோகலாம். அதனால உள்பக்கம் பாத்து, படம் கவிதையைத் திருப்பிச் சொல்லாம பக்கத்துல நிக்கிற புத்தகம்னு உறுதியாத் தெரிஞ்சா, ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா, அதை இப்பவே எடுத்துடுங்க, எழுத்துத் தொகுப்பை அடுத்த லிஸ்ட் வரும்போது பாத்துக்கலாம்.